டப்பாவிலும் சீசாவிலும் ஒரே பெயர்

சிதம்பரம்
11-7-1964

லாத்தாவுக்கு அஜீசுன்னிசாவின் சலாம்.

நான் இங்கே உம்மா வீட்டில் இருக்கிறேன். பிள்ளையும் என்னோடு இருக்கிறான். நேற்று மத்தியானம் நீங்கள் லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரத்தில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இஸ்மாயிலையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தே போய் ரயிலேறிவிட்டேன். சொல்லாமல் வந்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. உங்கள் தம்பி உங்களை லாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு, கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்படியே கூப்பிட்டு வந்தேன். அந்த வாயால் இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிந்ததும் தினமும் உங்கள் கையால் எனக்குக் கொடுத்தீர்களே, அது என்ன மாத்திரை?

பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் என் இடது கால் தூண் மாதிரி வீங்கியதும், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காலுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்று சொன்னதும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்ததும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் தம்பி ஈப்போவுக்குக் கப்பலேறும்போது, "லாத்தா கையால வாங்கி முழுங்கு, நீயா எடுத்தா மறந்துபோவே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நானும் ஒரு நாள் தவறாமல் முழுங்கினேன். ஆனால் மெட்ராஸில் கொடுத்த மாத்திரை நீல நிறம். போன மாதம் நீங்கள் வாங்கி வந்த புதுச் சீசாவில் இருந்தது ரோஜா நிறம். அதற்குப் பிறகுதான் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

முக்காட்டுக்குள் இருப்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சீப்பை வைத்தால் கை நிறைய வருகிறது. வகிடு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. உதிர்ந்ததையெல்லாம் சுருட்டி அடுப்பில் போட்டேன். பல் விளக்கினால் ஈறில் ரத்தம். கட்டில் கால் லேசாகப் பட்டதற்குத் தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருக்கிறது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

முந்தாநாள் பின்கட்டு நெல் கிடங்கில் வேலையாள் பழனிவேல் எலிக்கு மருந்து பிசைந்துகொண்டிருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். எலி உடனே செத்துவிடுமா என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒடனே சாவாதும்மா. நாலஞ்சு நாளு கொஞ்சங்கொஞ்சமா தின்னணும். உள்ளாறவே ரத்தம் கசிஞ்சு, சத்தமில்லாம போயிடும்."

டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்க வரும். வார்பரின் என்று போட்டிருந்தது. உள்ளே வந்து அலமாரியில் இருந்த என் மாத்திரைச் சீசாவை எடுத்துப் பார்த்தேன். அதே எழுத்து. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட மாறவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. உங்கள் தம்பிக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வர எத்தனை நாளாகுமோ. நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லுங்கள்.

அஜீசுன்னிசா


கடலூர் முதுநகர்
14-7-1964

அஜீசுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு அடுப்பில் சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ காணாமல் போன அன்று தெருத் தெருவாக ஆள் விட்டுத் தேடினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாயோ என்று பயந்து பழனிவேலைத் துறைமுகம் வரைக்கும் அனுப்பினேன். சாயங்காலம் ஸ்டேஷன் போர்ட்டர் சொல்லித்தான் நீ ரயிலேறியது தெரிந்தது. அந்தப் பயமே எனக்கு இன்னும் போகவில்லை. அதற்குள் இது.

நான் இங்கிலீஷ் படிக்காதவள். நம் ஊர் டாக்டர் தேவசகாயம் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் நீட்டினேன். கடைக்காரன் கொடுத்ததை வாங்கி வந்தேன். நிறம் மாறியது ஏன் என்று எனக்குத் தெரியாது. எலி மருந்து எலிக்கு. ஆஸ்பத்திரி மருந்து மனுஷருக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க முடியாது. நீ அவசரத்தில் தப்பாக வாசித்திருப்பாய். பழனிவேலும் அப்படித்தான் சொல்கிறான்.

ஈறில் ரத்தம் வருவதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? முடி கொட்டுவதை ஏன் சொல்லவில்லை? பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் கூப்பிடுகிறவள், உன் உடம்புக்கு வந்ததை அடுப்பில் போட்டு மறைத்திருக்கிறாய். அன்றைக்கே உனக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டதா?

நீ சீசாவை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். பழனிவேல் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உன் உம்மாவின் கையால் வாங்கிச் சாப்பிடு. என் கை வேண்டாம். நான் டாக்டரிடம் நேரே போய்க் கேட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் ஒரு நாள்கூட நிறுத்தாதே. நிறுத்தக் கூடாது என்று மெட்ராஸில் அந்த டாக்டர் கூடப்பிறந்தவர் மாதிரி கெஞ்சிச் சொன்னது நினைவிருக்கிறதல்லவா?

ஆசியா உம்மாள்


சிதம்பரம்
17-7-1964

லாத்தாவுக்கு,

சீசாவைப் பழனிவேலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் உம்மா அதைக் கையால் தொடவும் மாட்டேன் என்றார்கள். நான் தப்பாக வாசிக்கவில்லை. பழனிவேல் சீசாவை நீட்டியபோது அவர் கண் முன்னாலேயே மறுபடியும் கூட்டி வாசித்தேன்.

இங்கே வந்ததிலிருந்து ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. தொடையில் இருந்த கன்றல் மஞ்சளாகி மறைந்துகொண்டு வருகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? முடி மட்டும் நிற்கவில்லை. உம்மா என் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வெளியில் தெரிந்தால் பெருநோய் என்று பேசுவார்கள் என்று பயப்படுகிறார்கள். குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஹக்கீம் வைத்தியர் தலைக்கு ஒரு தைலம் கொடுத்திருக்கிறார்.

நான் எழுத வந்தது அதுவல்ல. நேற்று பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். அவன் பின்தலையில் முடி இல்லை. ஏழாம் நாள் முடி எடுத்த பிறகு எவ்வளவு அடர்த்தியாக முளைத்தது என்று உங்களுக்குத் தெரியும். இப்போது பின்னால் ஒரு கை அகலத்துக்கு வழுவழுவென்று இருக்கிறது. நான் சாப்பிட்டது என் பால் வழியாக அவனுக்கும் போயிருக்கிறது. அவனைத் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பால் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் அழவிடவும் பயம்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நான் மெட்ராஸில் கிடந்தபோது பிள்ளையை நீங்கள்தான் வளர்த்தீர்கள். நான் திரும்பி வந்த அன்று அவனை என் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அவன் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து அழுதபோது உங்கள் முகத்தை நான் பார்த்தேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் இல்லாமல் போனால் அவன் யாரிடம் வளர்வான்?

இங்கே வரவேண்டாம்.

அஜீசுன்னிசா


கடலூர் முதுநகர்
20-7-1964

அஜீசுக்கு,

இதை முழுவதும் படி. பாதியில் கிழித்துப் போடாதே.

இன்று காலை சீசாவையும் கிடங்கில் இருந்த டப்பாவையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு டாக்டர் தேவசகாயத்திடம் போனேன். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வீட்டுப் பெண் இப்படிச் சொல்கிறாள், அவள் வாசித்தது தப்பு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தப்பில்லம்மா. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் கையை நானே பார்த்தேன். இந்தக் கையால்தானே உனக்குக் கொடுத்தேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். எலிக்கு அளவில்லாமல் வைக்கிறார்கள். அதன் ரத்தம் உறையவே முடியாமல் கசிந்து செத்துப்போகிறது. மனுஷருக்கு அதையே துளி அளவு, பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். உன்னை மாதம் இரண்டு தடவை பாண்டிச்சேரிக்கு அனுப்பி ரத்தம் எடுத்துப் பார்த்தது அந்த அளவு தெரிவதற்குத்தான். நீல மாத்திரையில் சத்து குறைவு, ரோஜா நிறத்தில் ஜாஸ்தி. உனக்கு அளவு போதவில்லை என்று அவர்தான் மாற்றியிருக்கிறார். ஈறில் ரத்தம் வந்ததென்றால் கொஞ்சம் கூடிவிட்டது என்று அர்த்தமாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் குறைத்திருப்பேன் என்றார்.

முடியைப் பற்றியும் கேட்டேன். அவருடைய பேச்சை அப்படியே எழுதுகிறேன்: "அந்த மாத்திரையால கொட்டலாம். சிலருக்கு அப்படி ஆவுது. புள்ள பெத்து மூணு நாலு மாசத்துல பொம்பளைங்களுக்குத் தானாவும் கொட்டும். இவங்களுக்கு எதால கொட்டுதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அனேகமா திரும்ப மொளைக்கும்." பிள்ளையின் பின்தலை எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், மல்லாந்தே படுத்திருப்பதால் தேய்ந்துபோகும் என்றார். ஆனாலும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

இதையெல்லாம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் யார் சாப்பிடுவார்கள் என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சொல்லாததாலதான் அவ சாப்பிடாம போய் உக்காந்திருக்கா" என்றேன்.

நீ நிறுத்தி இத்தனை நாளாகிறது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கால் மறுபடி வீங்கினாலோ, கெண்டைக்கால் சுட்டாலோ, நெஞ்சில் குத்தி மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். காலில் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். அங்கே சிதம்பரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நான் வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு எண்ணம் வந்தது. பெயர் வேறு என்று டாக்டர் சொன்னார் என உனக்கு எழுதிவிடலாம், நீ நிம்மதியாகச் சாப்பிடுவாய் என்று. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நீ எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் சாகிற வரைக்கும் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாய். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நீ பார்த்தது உண்மை. அது எலிக்கு வைக்கிற மருந்துதான். அதை நீ சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

பிள்ளை மேல் எனக்கு ஆசையா என்று கேட்டிருக்கிறாய். ஆசைதான். நீ மெட்ராஸில் இருந்தபோது அவன் என் நெஞ்சின் மேல்தான் தூங்கினான். நீ வந்து வாங்கிக்கொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அஜீசு, நீ திரும்பி வர வேண்டும் என்றுதான் அந்த ஒரு மாதமும் நோன்பு வைத்தேன். ஆசைப்பட்டதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. கொல்ல வந்தேன் என்று மட்டும் எழுதாதே.

காலைப் பார். தினமும் பார்.

ஆசியா உம்மாள்


சிதம்பரம்
22-7-1964, காலை

லாத்தாவுக்கு,

பக்கத்து வீட்டு ராஜாமணி சார் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறார். தபாலில் போட்டால் நாளாகும் என்று அவர் கையில் கொடுக்கிறேன்.

நேற்றிலிருந்து இடது கால் இறுக்கமாக இருக்கிறது. கெண்டைக்காலில் கை வைத்தால் சுடுகிறது. கொலுசைக் கழற்ற முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றுதான் இதுவும். படித்ததால் வந்த பிரமையோ என்று இரண்டு காலையும் நூல் வைத்துச் சுற்றி அளந்து பார்த்தேன். பிரமை இல்லை.

உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தைலம் தடவி நீவி விடுவார்கள். நீவக் கூடாது என்று மெட்ராஸில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மாத்திரையும் என்னிடம் இல்லை, நானே திருப்பி அனுப்பிவிட்டேன். இருந்தாலும் முழுங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. சாப்பிட்டால் உள்ளே ரத்தம் கசியும், சாப்பிடாவிட்டால் உறைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, லாத்தா. உட்கார்ந்தால் பயம், எழுந்தால் அது பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்கு வந்துவிடுமோ என்று பயம். சுவரில் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

வரவேண்டாம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அஜீசு


சிதம்பரம், ஆஸ்பத்திரி
30-7-1964

லாத்தாவுக்கு,

இன்றுதான் உட்கார்ந்து எழுத விட்டார்கள். நர்ஸ் ஆரோக்கியம்மாள் தலையணையை முதுகுக்குக் கொடுத்துப் பேப்பரும் கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு மேல் கூடாதாம்.

அன்று நீங்கள் வந்து வாசலில் வண்டியை நிறுத்தியது நினைவிருக்கிறது. உம்மா உங்களை உள்ளே விடாமல் நின்றதும், நீங்கள் செருப்போடு உள்ளே வந்து என் காலைத் தொட்டுப் பார்த்ததும் நினைவிருக்கிறது. வண்டியில் ஏறும்போது நெஞ்சில் கத்தி மாதிரி குத்தியது. அப்புறம் உங்கள் குரல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "மூச்ச நிறுத்திடாத, அஜீசு. வந்துட்டோம், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். இன்னும் அரை நாள் தள்ளியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று பெரிய டாக்டர் உம்மாவிடம் சொன்னாராம். நுரையீரலுக்கு ஒரு சின்னத் துண்டு போய்விட்டதாம். ஊசி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். முந்தாநாளிலிருந்து மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். அதே மாத்திரைதான், கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுங்குகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையை வார்டில் வைத்துக்கொள்ள விடவில்லை. உம்மா என்னோடு இருக்க வேண்டியிருந்தது. புட்டிப்பால் அவன் உங்கள் கையில் மட்டும்தான் குடிப்பான். அதனால்தான் கொடுத்தேன். நம்பிக் கொடுத்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது, கத்திக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. மூச்சு வரவில்லை.

அவன் எப்படி இருக்கிறான்? ஒரு வரி போதும்.

அஜீசு


கடலூர் முதுநகர்
2-8-1964

அஜீசுக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறான். இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை மெதுவாகப் படி. குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறான். டாக்டரிடம் காட்டினேன். பின்தலையில் பூனைமுடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. உன் பாலால் ஒன்றும் ஆகவில்லை என்றார். இப்போதைக்குப் புட்டிப்பாலே கொடுக்கச் சொன்னார்.

நீ பயந்தாய் என்று எழுதியிருக்கிறாய். நான் பட்டதை யாரிடம் சொல்வேன்? முன்பெல்லாம் பாலைக் கரைத்தோமா கொடுத்தோமா என்று இருப்பேன். இப்போது பவுடர் டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் உலகத்தில் யார் என்னை நம்புவார்கள்? அதனால் பழனிவேலின் பெண்சாதி இருசம்மாளைக் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பால் கரைக்கிறேன். நான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் அவனுக்குப் புகட்டுகிறேன். அவள் முதலில் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. "எதுக்கும்மா உங்கள நீங்களே இப்பிடிப் பண்ணிக்கிறீங்க?" என்று நேற்று கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவனுக்கு உடம்பு சுட்டது. நான் இருசம்மாளையும் இழுத்துக்கொண்டு வெயிலில் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். வெறும் சளிதான். திரும்பி வந்து, நடந்ததை நீயே அஜீசுகிட்ட சொல்லணும் என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லி வைத்தேன்.

அந்த எலி மருந்து டப்பாவைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். எலி நெல்லைத் தின்றால் தின்னட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எங்கே போகப் போகிறாய்? சிதம்பரம் என்றால் சொல். பிள்ளையைக் கொண்டுவந்து உன் கையில் விட்டுவிட்டுப் போகிறேன். இருசம்மாளும் கூட வருவாள்.

ஆசியா உம்மாள்


சிதம்பரம், ஆஸ்பத்திரி
6-8-1964

லாத்தாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விடுகிறார்கள். இன்னும் பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். பாண்டிச்சேரிக்குப் போய் ரத்தம் கொடுக்கவும் வேண்டும். ஈறில் ஒரு பொட்டு ரத்தம் வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னார், எலி விஷயத்தையும்.

முடி இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆரோக்கியம்மாள் தலை வாரிவிட்டு, உதிர்ந்ததை எனக்குக் காட்டாமல் பேப்பரில் மடித்துக்கொண்டு போவார். நேற்று வாங்கிப் பார்த்தேன். ஒரு கைப்பிடி. கண்ணாடியும் கேட்டு வாங்கினேன். உச்சியில் தோல் தெரிகிறது. என் முகம் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. திரும்ப முளைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிச்சயமாக முளைக்குமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

உங்கள் தம்பியிடமிருந்து பதில் வந்துவிட்டது. நான் முதலில் எழுதியதற்குப் பதில், அதனால் ஒரே பதற்றமாக எழுதியிருக்கிறார்கள். எங்கே பயமில்லாமல் இருக்க முடியுமோ அங்கே இரு என்கிறார்கள். படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். அப்படி ஓர் இடம் எனக்கு இப்போது இல்லை. உம்மா வீட்டில் இருந்தால் கால் வீங்குமோ என்று பயம், அங்கே வந்தால் மாத்திரையைப் பார்த்துப் பயம். சொல்லி அழ யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். உம்மாவிடம் காலை மறைத்தேன். உங்களிடம்தான் எழுதினேன்.

கடலூருக்கே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலுக்குப் பழனிவேலை ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

பயம் போய்விட்டது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். போகவில்லை. மக்ரிபுக்குப் பிறகு நீங்கள் மாத்திரையை நீட்டும்போது என் கை நடுங்கினால் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுங்கள். நான் முழுங்கிவிடுவேன்.

இருசம்மாளை இன்றைக்கே அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், லாத்தா. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இஸ்மாயிலுக்கு நீங்கள் தனியாகவே பால் கரைத்துக் கொடுங்கள்.

அஜீசு